கோப்பைப் படிக்க ஆள் வேண்டும்



பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் எழுத்து மூலம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது அன்றாட வழக்கம். அந்நாட்டின் கலாச்சாரத் துறைக்குப் போகிற கேள்விகளில் இரண்டு திரும்பத் திரும்ப வரும். வீடியோ கேம் தொழிலுக்கு அரசு என்ன உதவி செய்கிறது என்பது ஒன்று. துறையில் எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்வி உதவியைக் கூட்டச் சொல்கிறது. இரண்டாவது கேள்வி செலவைக் குறைக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாததுபோல் தனித்தனியாகப் பதில் அச்சாகிறது.

இரண்டும் ஒரே கேள்வி என்பதைச் சொல்லத்தான் இந்த மேடை. அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க எத்தனை பேர், எவ்வளவு விஷயம் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பது முடிவாகிறது. ஊழியரைக் குறைக்கிற அரசு வெறும் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதாக நினைக்காதீர்கள். உதவி சின்னவனுக்கா பெரியவனுக்கா என்பதையும் அதே கையெழுத்தில் அது முடிவு செய்துவிடுகிறது.

கேம் என்றால் பிள்ளைகள் விளையாட்டு, அதற்கு அரசு எதற்கு என்று நினைப்பவர்கள் இங்கேயும் இருக்கக்கூடும். 2023-ஆம் ஆண்டில் பிரிட்டன் மக்கள் வீடியோ கேமுக்காகச் செலவிட்ட தொகை 782 கோடி பவுண்டு என்று அந்தத் தொழிலின் சங்கமான யூகி கணக்கிட்டிருக்கிறது. அந்நாட்டுச் சினிமாத் தியேட்டர்களின் டிக்கெட் வசூலைவிட இது பல மடங்கு. கோட் எழுதுகிறவர், ஓவியர், இசையமைப்பாளர், கதாசிரியர், ஒவ்வொரு காட்சியையும் நூறு தடவை ஓட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிறவர் என்று எத்தனையோ பேருக்கு அடுப்பு எரிவது இந்தத் தொழிலால். இது சோறு போடுகிற தொழில், ஐயா!

இந்தத் தொழில் அங்கே தானாக முளைத்துவிடவும் இல்லை. 1981-இல் பிரிட்டன் தொழில் துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் பாதி விலையை அரசு கொடுக்கும். அதே காலத்தில் பிபிசி கம்ப்யூட்டர் கல்விக்கென்று நிகழ்ச்சி நடத்தியது, தன் பெயரிலேயே ஒரு கம்ப்யூட்டரையும் கொண்டுவந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதிய 'எலைட்' என்ற கேம் 1984-இல் வெளிவந்தது. அதைப் பார்த்துக் கோட் எழுத வந்தவர்கள் பலர்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தைப் பாருங்கள். சணல் ஆலைகளால் வாழ்ந்து, ஆலைகள் மூடிய பின் நொடிந்துபோன ஊர். அங்கிருந்த டைமெக்ஸ் தொழிற்சாலையில்தான் 1982 முதல் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர்கள் தயாரிக்கப்பட்டன. டைமெக்ஸில் வேலை பார்த்த டேவிட் ஜோன்ஸ் என்ற இளைஞர், ஆள்குறைப்பின்போது கைக்கு வந்த தொகையில் ஓர் அமிகா கம்ப்யூட்டர் வாங்கினார். 1987-இல் அவர் கையால் டிஎம்ஏ டிசைன் என்ற கேம் நிறுவனம் பிறந்தது. 1991-இல் அதிலிருந்து 'லெம்மிங்ஸ்' கேம். 1997-இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'. அதே 1997-இல் அதே ஊரின் அபர்ட்டே பல்கலைக்கழகம் கம்ப்யூட்டர் கேமுக்கென்றே பட்டப் படிப்பு தொடங்கியது. உலகத்திலேயே அதுதான் முதல் படிப்பு என்று சொல்லப்படுகிறது. ஆலை போன ஊருக்கு ஒரு தொழில் கிடைத்தது.

இனி 2010-க்கு வருவோம்.

அந்த ஆண்டு மார்ச் 24 அன்று தொழிற்கட்சியின் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங், கேம் தொழிலுக்கு வரிச்சலுகை தரப்போவதாக பட்ஜெட்டில் அறிவித்தார். கனடாவின் கியூபெக் மாகாணம் கேம் தொழிலாளர் சம்பளத்தில் 37.5 சதவீதம் வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். பிரிட்டனில் பயிற்சி பெற்றவர்கள் மாண்ட்ரியலுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. ஜூன் 22 அன்று புதிய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அவசர பட்ஜெட் போட்டார். வரிச்சலுகை குறி தவறியது என்று சொல்லி ரத்து செய்தார். அறிவித்த சலுகை மூன்று மாதம்கூட உயிரோடு இருக்கவில்லை.

ஆகஸ்டில் டண்டீயின் ரியல்டைம் வேர்ல்ட்ஸ் நிறுவனம் திவாலானது. அதே டேவிட் ஜோன்ஸ் பின்னாளில் தொடங்கிய நிறுவனம் அது. 'ஏபிபி' என்ற ஆன்லைன் கேமில் பெரும் பணத்தைக் கொட்டி, அது விலைபோகாமல் சரிந்தது. ஆஸ்போர்னின் பட்ஜெட்தான் அதைச் சாய்த்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் அன்று வேலை இழந்து தெருவுக்கு வந்த டெவலப்பர்களின் கையில் ஒரு புது நிறுவனம் தொடங்கத் தேவையான அத்தனை திறமையும் இருந்தது. அந்த நேரத்தில் லண்டனிலிருந்து ஓர் அதிகாரி டண்டீக்கு ரயில் ஏறிவந்து, 'உங்களில் யார் என்ன செய்யத் திட்டமிட்டிருக்கிறீர்கள், எவ்வளவு தேவை' என்று கேட்டிருக்க வேண்டும். கலாச்சாரத் துறை அப்போது தன் ஆட்களையே குறைக்கிற வேலையில் மூழ்கியிருந்தது.

எவ்வளவு குறைத்தார்கள் என்று கேளுங்கள். அந்த அக்டோபரில் வெளியான அரசின் செலவுத் திட்டம், கலாச்சாரத் துறையின் நிர்வாகச் செலவில் 41 சதவீதத்தை வெட்டச் சொன்னது. நிர்வாகச் செலவு என்றால் என்ன? மேசை, மின்சாரம், கட்டட வாடகை கொஞ்சம். மீதி எல்லாம் மனிதர்கள். கோப்பைப் படிக்கிறவர், கணக்கைச் சரிபார்க்கிறவர், தொழிலுக்குள் யார் நன்றாகச் செய்கிறார், யார் கதை விடுகிறார் என்று பத்து வருடம் பார்த்துப் பழகியவர்.

இன்னொரு சான்றும் இருக்கிறது. 2010 ஜூலையில் கலாச்சாரத் துறை அமைச்சர் ஜெரமி ஹண்ட், பிரிட்டன் திரைப்பட மன்றத்தை மூடப்போவதாக அறிவித்தார். எழுபது எண்பது பேர் வேலை பார்த்த அமைப்பு. சிக்கனம் என்று பெயர். மூடுவதற்கே 1 கோடி பவுண்டுக்கு மேல் செலவாகும் என்று தணிக்கை அலுவலகம் பின்னர் காட்டியது. செலவு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கணக்குப் போடாமலே முடிவு எடுக்கப்பட்டது என்பதையும் அது பதிவு செய்தது. மன்றத்தின் வேலைகள் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பின் தலையில் வந்து விழுந்தன. வேலை மறையவில்லை பாருங்கள். அதைச் செய்யத் தெரிந்தவர்கள்தான் கலைந்துபோனார்கள்.

விஷயம் தெரிந்த இரண்டு பேர் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதே காலத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கேம் தொழிலின் மூத்தவர் இயன் லிவிங்ஸ்டனும், டபுள் நெகட்டிவ் என்ற கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் அலெக்ஸ் ஹோப்பும் சேர்ந்து 2011 பிப்ரவரியில் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அறிக்கை சொன்னது எளிமையானது: பள்ளியில் பிள்ளைகளுக்கு வேர்டும் பவர்பாயிண்டும் சொல்லிக்கொடுத்துக் காலத்தைக் கழிக்கிறீர்கள், கோட் எழுதக் கற்றுக்கொடுங்கள். அன்றைய இணையமைச்சர் எட் வெய்ஸி அதற்குக் காது கொடுத்தார். 2014 செப்டம்பரில் இங்கிலாந்தின் பாடத்திட்டமே மாறியது. வரிச்சலுகை எத்தனை கோடி தந்தாலும் செய்ய முடியாத காரியம் அது.

வரிச்சலுகையின் கதை பிறகு வேறு மாதிரி திரும்பியது. ரத்து செய்த ஆஸ்போர்னே 2012 மார்ச் பட்ஜெட்டில் அதைத் திரும்ப அறிவித்தார். ஐரோப்பிய ஆணையம் விசாரணை வைத்தது. 2014 மார்ச் 27 அன்று ஒப்புதல் கிடைத்து ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. டார்லிங் அறிவித்ததிலிருந்து எண்ணினால் நான்கு வருடம் வீணாகிவிட்டது. ஒரு சின்ன ஸ்டூடியோ பிறந்து மடிவதற்கு நான்கு வருடம் தாராளம்.

இந்தச் சலுகை எப்படி வேலை செய்கிறது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது. நிறுவனம் முதலில் தன் பணத்தைச் செலவழித்து கேமை உருவாக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து கணக்கு எழுதி, வரிப் படிவத்தோடு சேர்த்துக் கோர வேண்டும். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டிடம் இது பிரிட்டிஷ் படைப்புதான் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். மொத்தம் 31 மதிப்பெண். 16 எடுத்தால் தேர்ச்சி. கதை நடக்கும் இடத்துக்கு, பாத்திரங்களுக்கு, வசனம் ஆங்கிலத்தில் இருப்பதற்கு, வேலை செய்தவர்களின் குடியுரிமைக்கு என்று மதிப்பெண் பிரிந்திருக்கிறது. தேர்ச்சி பெற்றால், தகுதியுள்ள செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிறுவனத்துக்குத் திரும்பி வரும்.

இதில் அரசு ஊழியருக்கு என்ன வேலை? பட்டியலைச் சரிபார்ப்பது. கேம் நன்றாக இருக்கிறதா, இந்த நிறுவனத்துக்கு இந்த உதவி தேவையா என்று கேட்கிற இடம் இந்த ஏற்பாட்டில் எங்கேயும் இல்லை. ஆட்களைக் குறைத்துவிட்ட அரசுக்கு இதைவிட வசதியான திட்டம் கிடைக்காது. சூத்திரம் தானாக ஓடும். எவர் அதிகம் செலவு செய்கிறாரோ அவருக்கு அதிகம் போகும்.

அப்படித்தான் போனது. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' தொடரின் ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரில் வெளிவந்து மூன்றே நாளில் 100 கோடி டாலர் விற்றது. டண்டீயில் பிறந்த பழைய டிஎம்ஏ டிசைன்தான் இப்போது எடின்பரோவில் ராக்ஸ்டார் நார்த் என்ற பெயரில் அதை உருவாக்குகிறது. உரிமையாளர் நியூயார்க்கின் டேக்-டூ நிறுவனம். கதை நடப்பது கலிஃபோர்னியாவைப் பார்த்து வரைந்த ஒரு கற்பனை ஊரில். அதற்கும் பிரிட்டிஷ் படைப்பு என்ற சான்றிதழ் கிடைத்தது. 2019-இல் டாக்ஸ்வாட்ச் என்ற கண்காணிப்பு அமைப்பு கணக்கை எடுத்து வெளியில் வைத்தது. 2015 முதல் 2017 வரை மட்டும் ராக்ஸ்டார் நார்த் கோரிய சலுகை 4 கோடியே 20 லட்சம் பவுண்டு. அறிக்கைக்கு முந்திய பத்தாண்டுக் கணக்கில் நிறுவனம் பிரிட்டனில் கட்டிய நிறுவன வரி எதுவும் இல்லை என்றும் அந்த அமைப்பு சொன்னது.

சட்டத்தை யாரும் மீறவில்லை. எடின்பரோவில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்த நிறுவனம் நல்ல வேலை கொடுக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. குற்றம் சட்டத்தை எழுதியவர்கள் மேல். மூன்று நாளில் 100 கோடி டாலர் வசூலித்த ஒரு படைப்புக்கு வரி கட்டுகிறவர்களின் பணம் எதற்கு என்று கேட்க ஒரு மனிதரைக்கூட நியமிக்காமல் விட்டார்களே, அது குற்றம்.

எதிர்ப்பக்கம் இப்படி ஒரு பட்டியலை வைத்துப் பாருங்கள். 2015-இல் பிரிட்டன் கேம்ஸ் ஃபண்ட் தொடங்கியது. தலைமையிடம் டண்டீ. நான்கு வருடத்துக்கு ஒதுக்கீடு 40 லட்சம் பவுண்டு. ராக்ஸ்டார் நார்த் ஒரே நிறுவனமாக மூன்று வருடத்தில் பெற்றதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சின்னத் தொகையை 25,000 பவுண்டு வரையிலான மானியங்களாகப் பிரித்து, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முன்மாதிரி செய்யக் கொடுத்தார்கள். கல்லூரி முடித்த மாணவர் குழுக்களுக்குத் தனிப் போட்டி நடத்தினார்கள். அபர்ட்டே பல்கலைக்கழகம் ஏற்கெனவே நடத்திவந்த ஒரு முன்மாதிரி நிதியின் அனுபவம் அந்த ஊரில் இருந்தது, அது கைகொடுத்தது.

25,000 பவுண்டு மானியத்துக்கு என்ன வேலை ஆகிறது என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர். ஒருவர் கோட் எழுதுகிறார், ஒருவர் வரைகிறார். விண்ணப்பத்தோடு பத்து நிமிடம் விளையாடிப் பார்க்கிற அளவுக்கு ஒரு துண்டை அனுப்புகிறார்கள். மாதவாரியாக வேலைத் திட்டம், செலவுப் பட்டியல், யாருக்கு விற்கப்போகிறோம் என்று அரைப் பக்கம். இதை எடுத்துப் படிக்கிறவர் அந்தத் துண்டைத் திறந்து கையில் கன்ட்ரோலரை எடுத்து ஓட்ட வேண்டும். பாத்திரம் குதிக்கும்போது பட்டனை அழுத்திய கணத்துக்கும் குதிக்கிற கணத்துக்கும் இடையில் ஒரு தடங்கல் தெரிந்தால், அது திருத்தக்கூடிய பிழையா, அடிப்படையே தப்பா என்று அவருக்குத் தெரிய வேண்டும். வேலைத் திட்டத்தில் 'ஏழாவது மாதம்: ஆன்லைனில் நான்கு பேர் சேர்ந்து விளையாடும் வசதி' என்று எழுதியிருந்தால், இரண்டு பேரால் அது ஒரு மாதத்தில் நடக்காது என்று அவருக்கு உடனே பொறி தட்ட வேண்டும். விண்ணப்பத்தைத் தள்ளிவிடாமல், தொலைபேசியில் கூப்பிட்டு, 'தம்பி, ஆன்லைனை விட்டுவிடு, ஒற்றை ஆட்டக்காரருக்கு மட்டும் செய், அந்தப் பணத்தை ஒலிக்கு வை' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர் சும்மா கிடைக்க மாட்டார். தொழிலில் பத்து வருடம் இருந்தவர் வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவர் சம்பளம் துறையின் நிர்வாகச் செலவில் ஏறும். அடுத்த வாரம் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் எழுந்து, உங்கள் ஊழியர் செலவு ஏன் கூடியது என்று கேட்பார். அமைச்சர் நெளிவார். மறு பட்ஜெட்டில் அந்தப் பணியிடம் போய்விடும். அவர் காப்பாற்றியிருக்கக்கூடிய ஸ்டூடியோக்களின் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறாது.

பின்லாந்துக்காரர்கள் இதை நம்மைவிட முன்னமே புரிந்துகொண்டவர்கள். அங்கே டெகெஸ் என்று ஓர் அரசு நிறுவனம் இருந்தது. 2018-இல் வேறோர் அமைப்போடு இணைந்து பிசினஸ் பின்லாந்து ஆனது. தொழில்நுட்பம் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்து, ஆரம்ப நிலை நிறுவனங்களுக்குக் கடனும் மானியமும் கொடுப்பதே அதன் வேலை. 2010-இல் சூப்பர்செல் என்ற கேம் நிறுவனம் தொடங்கியபோது நிறுவனர்கள் போட்டது இரண்டரை லட்சம் யூரோ. டெகெஸ் கொடுத்த கடன் நான்கு லட்சம் யூரோ. முதலில் செய்த 'கன்ஷைன்' என்ற கேம் எடுபடவில்லை. நிறுவனம் அதை மூட்டை கட்டிவிட்டு டேப்லட் பக்கம் திரும்பியது. 2012-இல் 'ஹே டே', 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்'. 2013 அக்டோபரில் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் அதன் 51 சதவீதப் பங்கை சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கியது. நிறுவனர்கள் சொந்த நாட்டிலேயே வரி கட்டினார்கள். பின்லாந்தின் அதிக வருமானம் ஈட்டுவோர் பட்டியலில் அவர்கள் பெயர் உச்சியில் வந்தது. தொடக்கத்தில் டெகெஸ் கொடுத்த உதவியை நிறுவனத்தின் தலைவர் இல்கா பானனென் வெளிப்படையாகவே நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

அங்கே கடன் கொடுத்தது ஒரு சூத்திரமா? கையில் எந்தக் கேமும் இல்லாத, வருமானமே இல்லாத ஒரு நிறுவனத்துக்கு எந்த வரிச் சூத்திரம் பணம் கொடுக்கும்?

ஆஸ்திரேலியா இன்னும் கூர்மையான பாடம். 2012 நவம்பரில் கலைத்துறை அமைச்சர் சைமன் கிரீன் 2 கோடி ஆஸ்திரேலிய டாலரில் கேம் நிதி ஒன்றை அறிவித்தார். வெளிநாட்டு நிறுவனங்கள் பிரிஸ்பேனிலும் மெல்போர்னிலும் ஸ்டூடியோக்களை மூடிவிட்டுப் போன நேரம். ஸ்கிரீன் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு நிதியை நடத்தியது. 2014 மே பட்ஜெட்டில் புதிய அரசு, பாதிப் பணம் மிச்சமிருக்கும்போதே நிதியை மூடிவிட்டது. மத்திய அரசு திரும்பி வந்து சலுகை அறிவிக்க 2021 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் என்ன ஆயிற்று? விக்டோரியா மாநிலத்தில் ஃபிலிம் விக்டோரியா என்ற மாநில அமைப்பு தொடர்ந்து கேமுக்கு நிதி கொடுத்துவந்தது. கேம் விண்ணப்பங்களைப் படித்துப் பழகிய ஊழியர்கள் அங்கே வருடக்கணக்கில் இருந்தார்கள். மெல்போர்னில் ஹவுஸ் ஹவுஸ் என்று ஒரு சின்னக் குழு. ஒரு வாத்து ஊருக்குள் புகுந்து எல்லோரையும் தொல்லைப்படுத்துகிறது. இதுதான் அவர்களுடைய கேமின் கதை. எந்தச் சூத்திரத்துக்கும் இதன் அருமை புரியாது. படித்த ஒருவருக்குப் புரிந்தது. நிதி கிடைத்தது. 2019 செப்டம்பரில் 'அன்டைட்டில்ட் கூஸ் கேம்' வெளிவந்து மூன்றே மாதத்தில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

அதிகாரிகளைப் பெருக்கினால் சிவப்பு நாடாதான் பெருகும், எது வெற்றி பெறும் என்று அரசு ஊழியருக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தெரியாதவரை வேலைக்கு வைத்தால் அப்படித்தான் ஆகும். தெரிந்தவரை வைத்தாலும் பத்துக்கு ஆறு தவறும். கேம் தொழிலே அப்படிப்பட்டது. ஆனால் சூத்திரம் பாரபட்சம் பார்க்காது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். முதலில் செலவு செய், பிறகு திருப்பித் தருகிறேன் என்று சொல்கிற நாளிலேயே அது ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. வங்கியில் பணம் வைத்திருப்பவனையும் ஆடிட்டர் வைத்திருப்பவனையும் அது தேர்ந்தெடுக்கிறது. இரண்டு பேர் குழு நிதியாண்டு முடிகிற வரைக்கும் வாடகைக்கு எங்கே போகும்?

ஆள் இல்லாத துறை வேறொரு விலையும் கொடுக்கிறது. லூட் பாக்ஸ் என்பது கேமுக்குள் பணம் கட்டித் திறக்கிற பெட்டி. உள்ளே என்ன இருக்கும் என்று திறக்கும் வரை தெரியாது. அது குழந்தைகளைச் சூதாட்டத்துக்குப் பழக்குகிறது என்று உலகம் முழுக்கப் பெற்றோர் கவலைப்பட்டார்கள். பெல்ஜியம் 2018-லேயே அது சட்டவிரோதச் சூதாட்டம் என்று அறிவித்தது. பிரிட்டன் கலாச்சாரத் துறை 2020 செப்டம்பரில் கருத்துக் கேட்டது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். துறையின் முடிவு வெளிவந்தது 2022 ஜூலையில். கொரோனா காலம் என்பதையும் கணக்கில் கொள்ளலாம். ஆனால் அவ்வளவு காத்திருந்து வந்த முடிவு என்ன? சட்டம் வேண்டாம், தொழில் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளட்டும். தொழிலைத் தனியாக ஆராய்ந்து தெரிந்துகொள்ள ஆள் பலம் இல்லாத துறை, கடைசியில் தொழில் சொல்வதையே நம்ப வேண்டியதாகிவிடும். ஆதரவு கொடுக்கிற கையும் கண்டிக்கிற கையும் ஒரே அலுவலகத்தின் கைகள். ஊழியரை வெட்டினால் இரண்டும் சேர்ந்தே சோர்ந்துபோகும்.

2025-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். மார்ச் மாதம் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், 2029-30-க்குள் அரசுத் துறைகளின் நிர்வாகச் செலவை 15 சதவீதம் குறைக்கச் சொன்னார். சுமார் பத்தாயிரம் பணியிடங்கள் போகும் என்று அவரே கணக்குச் சொன்னார். ஜூன் மாதம் அதே அரசு, படைப்புத் தொழில்களுக்கான திட்டத்தில் கேம் வளர்ச்சிக்கென்று மூன்று வருடத்துக்கு 3 கோடி பவுண்டு அறிவித்தது. கேம்ஸ் ஃபண்டுக்கு இதுவரை கிடைத்ததைப் பார்த்தால் இது பெரிய தொகை; கைதட்டி வரவேற்க வேண்டியது. ஆனால் 3 கோடி பவுண்டைச் சின்னச் சின்ன மானியங்களாகக் கொடுக்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் படிக்க வேண்டும். மார்ச்சில் ஆளைக் குறைக்கச் சொன்னவர்கள் ஜூனில் யாரை வைத்துப் படிக்கப்போகிறார்கள்? படிக்க ஆள் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பது கண்முன்னே தெரிகிறது. மானியத்தின் குறைந்தபட்சத் தொகையை உயர்த்துவார்கள். விண்ணப்பம் குறையும். பெரிய நிறுவனங்கள் உள்ளே வரும். புள்ளிவிவரம் அழகாக இருக்கும்.

இந்தியர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ராக்ஸ்டார் நிறுவனம் 2019-இல் பெங்களூரின் துருவா என்ற நிறுவனத்தை வாங்கியது. இந்தியாவின் முதல் கேம் நிறுவனங்களில் ஒன்று அது. பிரிட்டன் வரிச்சலுகையில் இந்தியாவில் செய்த வேலைக்குக் காசு கிடையாது. ஆக, அந்நாட்டுச் சலுகை எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பொறுத்து இங்கேயுள்ள ஓவியர் ஒருவரின் வேலை கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். அதைவிட முக்கியம், இந்திய அரசும் இதே பாதையில் இறங்கியிருக்கிறது. 2022 பட்ஜெட்டில் அனிமேஷன், கிராஃபிக்ஸ், கேம் துறைக்குப் பணிக்குழு அறிவித்தார்கள். 2024 செப்டம்பரில் மும்பையில் தேசிய மையம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொள்கை அறிவிக்கின்றன. எந்த அறிவிப்பு வந்தாலும் தொகையைக் கேட்கிறோம். விண்ணப்பத்தைப் படிக்கப்போகிறவர் யார், அவர் ஒரு கேமையாவது உருவாக்கியவரா என்று இனி கேட்க வேண்டும்.

பிரிட்டனில் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. 2024 மார்ச்சில் சின்னப் படங்களுக்கென்று தனி வரிச்சலுகை அறிவித்தார்கள். தகுதியுள்ள செலவில் ஒன்றரைக் கோடி பவுண்டு வரைக்கும் 53 சதவீதம். கேமுக்குப் பழைய வரிச்சலுகைக்குப் பதிலாக வந்திருக்கும் புதிய முறையில் எல்லோருக்கும் பொதுவாக 34 சதவீதம்தான். வரி போக நிற்பது இன்னும் குறைவு. படத்துக்குச் சின்னவன் பெரியவன் வித்தியாசம் தெரிகிற நிதித்துறைக்குக் கேமில் மட்டும் ஏன் தெரியவில்லை? சின்ன ஸ்டூடியோக்களுக்கு உயர்ந்த விகிதம் வேண்டும் என்று தொழில் அமைப்பான டீகா கேட்டுவருகிறது. கொடுக்கட்டும். நிதியாண்டு முடிகிற வரை காத்திருக்க வைக்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கட்டும். அந்த 3 கோடி பவுண்டில் ஒரு பங்கை விண்ணப்பம் படிப்பவர்களின் சம்பளத்துக்கென்று வெளிப்படையாக எழுதி ஒதுக்கட்டும். அந்தப் பங்கை நிர்வாகச் செலவு என்ற தலைப்பிலிருந்து எடுத்துத் தொழிலுக்கான உதவி என்ற தலைப்பில் போடட்டும். தொழிலிலிருந்து ஆட்களை எடுத்து ஐந்து வருட ஒப்பந்தத்தில், டண்டீயிலும் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரத்திலும் ஸ்டூடியோக்களுக்கு நடந்து போகிற தூரத்தில் உட்கார வைக்கட்டும்.

பழைய வரிச்சலுகை 2027 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்து எல்லோரும் புதிய முறைக்கு மாறியாக வேண்டும். அதற்குள் எத்தனை பேர் விண்ணப்பம் படிக்கிறார்கள், ஒவ்வொருவர் மேசையிலும் எத்தனை கோப்பு, ஒரு பதில் போக எத்தனை வாரம் ஆகிறது என்ற மூன்று எண்களையும் கலாச்சாரத் துறை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். ஊழியர் செலவைக் கேட்கிற உறுப்பினர்கள் அடுத்த முறை எழுதிக் கேட்க வேண்டியவை அவைதான்.